லீனா ஹார்ன் பத்தி நீங்க எழுதாம விட்டது

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெரிக்கக் கருப்பின ஜாஸ் பாடகி, நடிகை லீனா ஹார்ன் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா அவங்க அழகு, கவுனு, நைட் கிளப்புன்னே முடிஞ்சிடுச்சு. முக்கியமானதை விட்டுட்டீங்களேன்னு மனசு கேக்காம எழுதறேன்.

எங்க ஊரு கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருத்தராவது மிலிட்டரி, எங்கப்பாவும் தான். ரெண்டாம் உலகப்போர் நேரத்துல லீனா முகாம் முகாமா போயி சோல்ஜருங்களுக்குப் பாடினாங்க, அப்ப அமெரிக்க ராணுவத்துலயே வெள்ளைக்காரங்க தனி கருப்பர் தனி, ஒரு முகாம்ல போயி பாத்தா முன்வரிசையில பிடிபட்ட ஜெர்மன் கைதிங்க, சொந்த நாட்டு கருப்பு சோல்ஜருங்க அவங்களுக்குப் பின்னாடி! அந்தம்மா மேடைய விட்டு எறங்கி நேரா பின்னாடி நடந்து போயி, கைதிங்களுக்கு முதுகைக் காட்டி நின்னு அந்த சோல்ஜருங்க மூஞ்சியப் பாத்துப் பாடினாங்க. இதை அப்பாகிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறமா "அந்தம்மா பேரு இன்னா சொன்னே"ன்னு திரும்பக் கேட்டாரு.

1917ல நியூயார்க் ப்ரூக்ளின்ல பொறந்தவங்க, 16 வயசுல அங்க இருந்த காட்டன் கிளப்புங்கற நைட் கிளப்புல ஆடப் போனாங்க, அங்க ஆடிப் பாடறது கருப்பர், காசு குடுத்து உக்காந்து பாக்கறது வெள்ளைக்காரங்க. 1942ல எம்ஜிஎம் சினிமா கம்பெனியோட காண்ட்ராக்ட். வேலைக்காரி வேஷம் போடமாட்டேன்னு உறுதியா நின்னாங்க, அதனால பல படத்துல கதைக்கு ஒட்டாம தனியா நின்னு ஒரு பாட்டு மட்டும் பாட விட்டாங்க, நிறவெறி அதிகமா இருந்த தெற்கு மாநில தியேட்டருங்க அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு ஓட்டிக்கலாம்ல, அதுக்கு. 1951ல வந்த 'ஷோ போட்' படத்துல கலப்பினப் பொண்ணு ஜூலி வேஷத்துக்கு ஆசைப்பட்டாங்க, அதைக்கூட வெள்ளைக்கார நடிகை ஆவா கார்ட்னருக்குக் குடுத்துட்டாங்க. நெனச்சா வயிறு எரியுது சார்.

அப்புறம் கம்யூனிஸ்ட்னு முத்திரை குத்தி சினிமா டிவி ரெண்டையும் அடைச்சாங்க. அப்பவும் பாட்டை விடல, 1981ல 60 தாண்டின வயசுல நியூயார்க்ல பெரிய நாடகத் தியேட்டருங்க இருக்கற பிராட்வேல அவங்களே மெயினா நின்னு 300 ஷோவுக்கு மேல பண்ணாங்க. 2010ல 92 வயசுல காலமானாங்க. 2022ல பிராட்வே தியேட்டர் ஒண்ணுக்கு அவங்க பேரை வெச்சாங்க, அங்க ஒரு கருப்பினப் பெண் பேருல தியேட்டர் வந்தது அதான் மொத தடவை.

அந்த முகாம் விஷயத்தை மட்டுமாவது வேலூர் பதிப்புல போடுங்க சார், எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும், அப்பா தானே படிக்கணும்னு சொல்றாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்