மான் சுடுவது வேலையா, பொழுதுபோக்கா?

தெட்ஃபோர்ட், இங்கிலாந்து,
25 பிப்ரவரி 2021

அன்புள்ள வக்கீலே,

கடிதம் கிடைத்தது. பொங்கல் சமயத்தில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடிய படங்களை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே நாங்கள் சௌக்கியம். மருத்துவமனை வேலை என்பதால் வீட்டுக்காரிக்கு முதல் கொரோனா ஊசி போட்டாயிற்று. என் முறை இன்னும் வரவில்லை. மூன்றாவது ஊரடங்கு நடக்கிறது. பைன் காட்டு ஓரமாக நடந்துவிட்டு வருவதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

‘ஒரு லட்சம் பேர் செத்த தேசத்தில் மான் சுடப் போகலாமா கூடாதா என்று ஒரு விவாதமா?’ என்று கேட்டிருந்தாய். ஊரடங்கில் மான் சுடப் போகலாமா என்று குழம்பும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி நான் போன தடவை எழுதியதற்குப் பதில் அது. கேள்வி நியாயம்தான். ஆனால் நீ நினைப்பதுபோல் இது பணக்காரர்களின் சிணுங்கல் மட்டும் இல்லை. சட்டப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் நீ, உனக்கு இதில் ருசி தட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

போன வருடம் மார்ச் 23 இரவு பிரதமர் டிவியில் வந்து எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்றார். அதற்கான விதிகள் 26-ஆம் தேதி அமலுக்கு வந்தன. இங்கிலாந்துக்குப் போட்ட விதியின் சாரம் ஒரே வரிதான்: நியாயமான காரணம் இல்லாமல் யாரும் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது. சாப்பாட்டுச் சாமான், மருந்து, உடற்பயிற்சி, வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை, தன்னார்வச் சேவை என்று சில காரணங்களை உதாரணமாகக் கொடுத்திருந்தார்கள். அதில் மானும் இல்லை, வேட்டையும் இல்லை. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தனித்தனியாக விதி போட்டுக்கொண்டன. அந்தக் குழப்பத்துக்குள் நான் போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தச்சுவேலை செய்பவர். ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் நிலத்தில் மான் சுட அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. விடியுமுன் போய்ப் பரணில் உட்கார்வார். சுட்டால் அங்கேயே குடலை எடுத்துச் சுத்தம் செய்து தூக்கி வருவார். கறி அவருக்கு, பயிர் தப்பித்தது என்ற ஆறுதல் விவசாயிக்கு. அந்த நிலத்தை ஒட்டியே அரசாங்கக் காடு. அங்கேயும் துப்பாக்கியோடு ஒருவர் போகிறார், வனத்துறையில் சம்பளம் வாங்கும் காவலர். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே மான்கள்தான். காவலர் போவது வேலை, அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தச்சர் போவது என்ன?

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள் நாம். மானைச் சுட்டால் ஜெயில் என்பதுதான் நமக்குத் தெரிந்த உலகம். இங்கே கதை வேறு. ஓநாயும் லின்க்ஸ் பூனையும் இந்தத் தீவில் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. மானைத் தின்ன மனிதனை விட்டால் ஆள் இல்லை. காட்டில் ஆறு வகை மான்கள் திரிகின்றன, அவற்றில் சிவப்பு மானும் ரோ மானும் மட்டும்தான் சொந்த மண்ணுக்கு உரியவை. எங்கள் பக்கத்தில் அதிகத் தொல்லை கொடுப்பது முன்ட்ஜாக். உங்கள் முண்டந்துறைக் காட்டில் நாய் மாதிரிக் குரைக்குமே கேளையாடு, அதற்குச் சீனத்துப் பங்காளி. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, பெட்ஃபோர்ட் கோமகன் வோபர்னில் இருந்த தன் பூங்காவுக்கு ஆசையாகக் கொண்டுவந்தார். தப்பியதும் திறந்துவிட்டதுமாகத் தெற்கு இங்கிலாந்து முழுக்கப் பரவிவிட்டது. வருடம் முழுக்கக் குட்டி போடும். அதனால் அதைச் சுடக் கூடாத பருவம் என்று ஒன்றே கிடையாது.

இவை தழைகளைத் தரைமட்டமாக மேய்ந்துவிடுவதால் காட்டின் அடிப்புதர் காணாமல் போகிறது. சஃபோக்கில் பிராட்ஃபீல்ட் என்ற காட்டில் மான் நுழையாதபடி வேலி போட்டுப் பார்த்தார்கள். வேலிக்குள் புதர் அடர்ந்தது. நைட்டிங்கேல் பறவைகளும் அந்தப் பகுதிகளையே தேடி வந்தன. எங்கள் தெட்ஃபோர்ட் காட்டிலேயே ரோ மானையும் முன்ட்ஜாக்கையும் கணக்கெடுத்த கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தார், எண்ணிக்கை கட்டுக்குள் இருக்க வேண்டுமானால் வருடத்துக்கு 50 முதல் 60 சதவீதம் வரை சுட வேண்டியிருக்கும் என்று 2013-இல் எழுதினார்கள். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவையும் சம்பளக் காவலர்களை மட்டும் வைத்துச் செய்து முடிக்க முடியுமா? இந்த நாட்டில் மான் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி தச்சர், பிளம்பர், ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி ஆட்கள் சொந்தக் காசில் தோட்டா வாங்கிச் செய்வது. அவர்களுக்கு அதில் சந்தோஷமும் உண்டு, மறைக்கவும் மாட்டார்கள்.

ஊரடங்கு விதி வந்து மாட்டியது இந்த இடத்தில்தான். அதுவரை இந்தக் காரியம் வேலையா பொழுதுபோக்கா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. மான் சுடும் ரைஃபிளுக்கு லைசென்ஸ் கேட்டால், எதற்காக வேண்டும் என்று போலீஸ் காரணம் கேட்கும். இந்த நிலத்தில் மான் சுட அனுமதி இருக்கிறது என்று காட்டினால் போதும், அதை நல்ல காரணமாக ஏற்பார்கள். நீ ரசித்துச் சுடுகிறாயா, கடமைக்குச் சுடுகிறாயா என்று கேட்கிறவர் இல்லை. திடீரென்று கிருமி வந்தது, அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

துப்பாக்கிக்காரர்களின் பெரிய சங்கம் பாஸ்க். அவர்கள் முதல் ஊரடங்கிலேயே சொல்லிவிட்டார்கள்: பொழுதுபோக்குக்காகப் போகாதீர்கள்; பயிரையும் கால்நடையையும் காப்பாற்ற அவசியம் என்றால் மட்டும் போங்கள். மே 13-இல் வெளியே பொழுதுபோக்கவும் அனுமதி வந்ததும் அந்தக் கேள்வி தூங்கிப் போனது. நவம்பரில் மறுபடி அடைத்தபோது ‘பொது வெளியிடத்தில்’ பொழுதுபோக்கலாம் என்று விட்டுவைத்தார்கள். மான் வேட்டை நடப்பதோ பெரும்பாலும் தனியார் நிலத்தில். அது பொது வெளியிடமா என்று கேட்டால் நீயே ஒரு நாள் பூரா வாதாடுவாய். இந்த ஜனவரி 6 முதல் அந்த வாசலும் மூடியாயிற்று. உடற்பயிற்சி உண்டு, பொழுதுபோக்கு இல்லை. பனியில் பரண் மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பதை உடற்பயிற்சி என்று எந்த மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சொல்வது?

போலீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்ற பயமும் சும்மா வந்ததில்லை. டெர்பிஷயர் போலீஸ் போன மார்ச்சில் மலையில் தனியாக நடந்தவர்களை டிரோன் விட்டுப் படம் எடுத்தது. இந்த ஜனவரியில் காரில் சில மைல் தள்ளி நடக்கப் போன இரண்டு பெண்களுக்குத் தலா 200 பவுண்டு அபராதம் போட்டது. கையில் காபி கப் இருந்ததாம், அதனால் அது பிக்னிக் ஆகிவிடுமாம். சட்டத்தில் தூர வரம்பே கிடையாது. உள்ளூரிலேயே இருங்கள் என்பது வெறும் அறிவுரை. கூச்சல் எழுந்ததும் அபராதத்தை ரத்து செய்து மன்னிப்புக் கேட்டார்கள். அதே நாட்களில் பிரதமர் வீட்டிலிருந்து ஏழு மைல் தள்ளி ஒலிம்பிக் பூங்காவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். இ-பாஸ் காலத்தில் நீங்கள் பட்டதற்கு இதெல்லாம் தூசு என்பாய், தெரியும். ஆனால் தச்சருக்கு 200 பவுண்டு கவலை இல்லை. வழக்கு என்று ஒன்று வந்து, இவர் நம்பத் தகுந்தவர் இல்லை என்று போலீஸ் நினைத்துவிட்டால், லைசென்ஸே போய்விடலாம். அதனால் விவசாயியிடம் ஒரு கடிதம் வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது செப்டம்பரில். 14-ஆம் தேதி முதல் ஆறு பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். ஏழு பேர் உள்ள குடும்பம் தாத்தாவைப் பார்க்கப் போக முடியாது. ஆனால் அமைப்பாக நடத்தும் வெளிப்புறச் செயல்களுக்கு விலக்கு உண்டு. செயலுக்கோ கருவிக்கோ லைசென்ஸ் தேவை என்றால் அதுவும் இந்த விலக்குக்குள் வரும்படி எழுதியிருந்தார்கள். க்ரௌஸ் பறவை வேட்டை சொகுசாக உள்ளே நுழைந்தது. அது கூட்டம் கூடிச் செய்வது. பறவையை விரட்ட ஆட்கள், துப்பாக்கி நிரப்ப ஆட்கள், ஒரு நாளுக்குப் பெரும் பணம். ஜனவரி விதி வேறு நேரத்தில், நோய் உச்சத்தில் இருந்தபோது வந்தது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கூடிச் சுடுபவர்களை நினைத்து ஒரு வரி எழுதத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்தில் ஒரு மனிதர்கூட இல்லாமல் சுடுபவரை நினைத்து ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே.

உடனே நீ, ‘அப்படியானால் எல்லோரும் வேலை என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவார்களே’ என்பாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஆளின் மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், பஞ்சாங்கத்தைப் பார்த்தால் போதும். காசு கொடுத்து வருகிற வேட்டைக்காரருக்கு வேண்டியது கொம்புள்ள ஆண் மான். எண்ணிக்கையைக் குறைப்பதோ பெட்டை மானைச் சுடுவதால்தான். இங்கிலாந்தில் ரோ, சிவப்பு மான், ஃபாலோ பெட்டைகளைச் சுடும் பருவம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. அதிலும் இலை உதிர்ந்து மான் தெளிவாகத் தெரிகிற ஜனவரி, பிப்ரவரிதான் முக்கியம். பிப்ரவரிக் குளிரில், கொம்பில்லாத பெட்டை மானுக்காக, தனியாக, நிலக்காரன் கேட்டுப் போகிறவரைத் தன்னார்வச் சேவைக்குள் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? கோடையில் கொம்புக்காகக் காசு கட்டி, இருநூறு மைல் கார் ஓட்டி வருகிறவரை வீட்டில் இரு என்று சொல்ல யாருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே சில பேர் மாட்டுவார்கள்தான். எந்த விதியில் மாட்டவில்லை?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹோட்டல்கள் மூடியதும் மான் கறி வாங்க ஆள் இல்லாமல் விலை படுத்துவிட்டது. சுட அனுமதி இருந்தாலும் சுட்டதை என்ன செய்வது? தச்சர் வீட்டு ஃப்ரீசர் நிரம்பி எங்கள் ஃப்ரீசருக்கும் பங்கு வந்தது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தோம். கொழுப்பே இல்லாத கறி, கொஞ்சம் அசந்தால் நார் நாராகிவிடும். மனிதர்கள் உள்ளே அடைந்திருந்த போன ஏப்ரலில் கிழக்கு லண்டன் ஹாரல்ட் ஹில்லில் ஃபாலோ மான்கள் வீட்டு வாசல் புல்வெளிகளில் கூட்டமாகப் படுத்துக் கிடந்த படங்கள் வந்தன. பார்த்தவர்கள் எல்லாம் இயற்கை திரும்புகிறது என்று உருகினார்கள். தச்சர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு மான் எப்படிச் சேர்ந்தது என்று யாருமே கேட்கவில்லையே’ என்றார்.

மூன்று நாளைக்கு முன் பிரதமர் அட்டவணை கொடுத்துவிட்டார். மார்ச் 8 முதல் இன்னொருவரோடு வெளியே உட்கார்ந்து காபி குடிக்கலாம். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற உத்தரவு மார்ச் 29-இல் முடிகிறது. பெட்டை மான் பருவம் மார்ச் 31-இல் முடிகிறது. தச்சருக்கு முழுச் சுதந்திரத்தோடு கிடைக்கப் போவது மூன்று விடியல்கள். சொன்னபோது சிரித்தார், சிரிப்பில் அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை.

‘தன்னார்வச் சேவை’ என்பதை இப்படி நீட்டினால் கோர்ட்டில் நிற்குமா? சம்பளம் இல்லை, ஆனால் கறி கிடைக்கிறது. அதைக் கூலி என்று வைத்தால் அவர் போவது வேலை ஆகிவிடாதா? உன் கருத்தை எழுது, தச்சரிடம் சொல்ல வேண்டும். உங்கள் கோர்ட் நேரில் நடக்கிறதா, இன்னும் வீடியோவில்தானா என்றும் எழுது. அம்மாவை ரொம்பக் கேட்டதாகச் சொல். ஊசி வந்ததும் முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போ, பயந்து தள்ளிப்போட விடாதே.

உன்,
பழைய ரூம்மேட்