பழைய பி.எல்.சி.யில் 10 என்றால் பத்தாவது உள்ளீடு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

இருபது, முப்பது ஆண்டுகளாக ஓடும் பி.எல்.சி.களை (இயந்திரங்களை இயக்கும், நிரல் எழுதக்கூடிய கன்ட்ரோலர்கள்) நம்பி இயங்கும் ஆலைகள் இன்னும் நிறைய உண்டு. நிரலை எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். குறிப்புகள் இருந்த கோப்பும் தொலைந்திருக்கும். பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றிலிருந்து லேடரை, அதாவது ஏணி வடிவில் வரைந்த நிரலை, எடுக்கலாம்; ஆனால் உள்ளீடுகளின் (சென்சார், பட்டன் சிக்னல்களின்) பெயர்கள் வராது. மிஞ்சுவது ஒவ்வொரு உள்ளீட்டையும் குறிக்கும் எண், அதாவது முகவரிதான். அதைத் தவறாகப் படித்துவிட்டு வேறொரு பிட்டை (0 அல்லது 1 என்ற ஒற்றை நிலையை) ஃபோர்ஸ் செய்தால், அதாவது வலுக்கட்டாயமாக மாற்றினால், யாரும் எதிர்பாராத சிலிண்டர் நகரும். அங்கே ஒருவர் கை வைத்திருக்கக்கூடும்.

முதலில் பார்க்க வேண்டியது எண்ணும் முறை. மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வரிசையில் உள்ளீடுகள் ஆக்டல், அதாவது 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே உள்ள எண்முறை. எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10. எக்ஸ்8 என்று ஒன்றே கிடையாது. எனவே எக்ஸ்10 என்பது ஒன்பதாவது உள்ளீடு. அதே நிறுவனத்தின் ஏ வரிசை ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) என்பதால் அங்கே எக்ஸ்10 பதினேழாவது. அலென்-பிராட்லி எஸ்எல்சி 500-இல் ஐ:1/10 என்றால் ஸ்லாட் 1-இல் (ஸ்லாட் என்பது கார்டு செருகும் இடம்) பதினொன்றாவது, ஏனெனில் அது 0-இலிருந்து தொடங்கும் தசம எண்.

அதே அலென்-பிராட்லியின் பி.எல்.சி.-5-இல் இன்னும் கவனம் வேண்டும். ஐ:012/10 என்பதில் 01 ராக், 2 குரூப், 10 ஆக்டலில் டெர்மினல் (வயர் இணையும் முனை). இந்த ராக்கும் குரூப்பும் கண்ணுக்குத் தெரியும் பெட்டியும் ஸ்லாட்டும் அல்ல. எத்தனை ஸ்லாட்டுக்கு ஒரு குரூப் என்பதைப் பின்பலகையில் உள்ள சிறு சுவிட்சுகள்தான் தீர்மானிக்கின்றன. ஒரு ராக்கில் 0 முதல் 7 வரை எட்டு குரூப்கள். முதல் கார்டு ராக் 0, குரூப் 0-இல் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கார்டு, ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு குரூப் என்ற ஒரு-ஸ்லாட் முறையில் குரூப் 4. இரண்டு ஸ்லாட்டுக்கு ஒரு குரூப் என்ற இரு-ஸ்லாட் முறையில் குரூப் 2. ஒரு ஸ்லாட்டுக்கு இரண்டு குரூப் என்ற அரை-ஸ்லாட் முறையிலோ ராக் 1-இன் குரூப் 0, 1. சேசிஸ் (கார்டுகளைத் தாங்கும் பெட்டி) பழுதாகி மாற்றும்போது இந்தச் சுவிட்சுகளைப் பார்க்காமல் விட்டால், நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே முகவரிகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

தேடியும் கிடைக்காத உள்ளீடுதான் பலரை அலைக்கழிக்கிறது. பழைய நிரலாளர்கள் ஐ:001 என்ற முழு வேர்டையும் (16 பிட்டுகளின் தொகுப்பு) என்7:0 என்ற நினைவக இடத்துக்கு நகலெடுத்து, பிறகு அதையே நிரல் முழுக்கப் பயன்படுத்துவார்கள். உள்ளீட்டுக் கோப்பின் பிட்டுகள் ஆக்டல், என்7-இன் பிட்டுகள் தசமம். அதனால் ஐ:001/10 அங்கே என்7:0/8 ஆகிவிடும். கிராஸ் ரெஃபரன்ஸில் (எந்த முகவரி எங்கே பயன்படுகிறது என்ற பட்டியலில்) ஐ:001/10-ஐத் தேடினால் ஒன்றும் வராது. வயர் மட்டும் உயிரோடு இருக்கும். உள்ளீடு பயன்பாட்டில் இல்லை என்று முடிவு கட்டி அந்த வயரைக் கழற்றுவது பெரிய ஆபத்து. எனவே வேர்டு அளவிலான நகல், மூவ் கட்டளைகளை முதலில் தேட வேண்டும். சீமென்ஸிலும் இதே பொறி உண்டு: உள்ளீட்டு வேர்டு 0-இல் எட்டு பிட்டுகள் கொண்ட பைட் 0-தான் மேல் பாதி, ஆகவே ஐ 0.0 அந்த வேர்டின் 8-ஆம் பிட்.

சரிபார்க்கும் வழி எளிது, ஆனால் அவசரம் கூடாது. காற்று, ஹைட்ராலிக், மோட்டார் மின்சாரம் அனைத்தையும் துண்டித்துப் பூட்டுங்கள். சென்சாரைக் கையால் இயக்கி, கார்டின் எல்.இ.டி.யையும் மானிட்டரில் பிட்டையும் சேர்த்துப் பாருங்கள். டெர்மினலில் 24 வோல்ட் வந்தும் எல்.இ.டி. எரியாவிட்டால் காமன் வயரை (உள்ளீடுகளுக்குப் பொதுவான வயரை) பாருங்கள். அது சரியென்றால் பழுது கார்டில். எல்.இ.டி. எரிந்தும் பிட் மாறாவிட்டால் முகவரி, ஸ்லாட் அமைப்பு, ரிமோட் ராக் தொடர்பு ஆகியவற்றில் ஒன்று தவறு. ஸ்டாப் பட்டன் என்.சி. (அழுத்தாதபோது சுற்று மூடியிருக்கும் வகை) என்றால் அழுத்தாதபோதுதான் பிட் 1; லேடரில் தெரியும் காண்டாக்ட் குறியை வைத்துப் பட்டனை ஊகிக்காதீர்கள்.

பயிற்சி நிலையங்கள் புதிய மென்பொருளைக் கற்பிக்கும் முன், பழைய லேடர் ஒன்றின் 16 உள்ளீடுகளை மாணவர்களே டெர்மினல் வரை தேடிப் பிடித்து, வயர் நம்பரோடு அட்டவணை எழுதும் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆலைப் பராமரிப்புப் பொறியாளர்கள்