ஐந்து தீவு வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கைப்பேசியில் தட்டினால் பாதி வார்த்தை தானாக வேறு வார்த்தையாகிவிடுகிறது. அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியவில்லை என்றால் அம்மாவிடம் கேள்.

விடுமுறைப் பயணத்துக்கு நீ அனுப்பிய அட்டவணை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒன்பது நாள், ஐந்து தீவு: லங்காவி, பாயார், தாய்லாந்துப் பக்கத்து லிப்பே, பெர்ஹெந்தியான், ரெடாங். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வேறு. இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஷிப்ட் அட்டவணை போட்டவன் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலியாக ஒரு கட்டம் கண்ணில் பட்டால் யாரையாவது அதில் நுழைக்கக் கை துடிக்கும். எனக்கு அந்த வியாதி உண்டு. உனக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முதலில் பருவத்தைப் பார். நீங்கள் வருவது ஜூன் கடைசியில். அது தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். லங்காவியிலிருந்து லிப்பே போகும் படகுகள் அந்த மாதங்களில் பொதுவாக ஓடுவதில்லை, அந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும். பாயாரில் முழங்கால் தண்ணீரிலேயே குட்டிச் சுறாக்களைப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் நம் மேற்குக் கரைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பத்து பெரிங்கியில் குளித்து வளர்ந்த உனக்கு நான் சொல்லவா வேண்டும்? கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால் தெரியாது. கிழக்குக் கரை நேர் எதிர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை போட்டுத் தாக்கும், தீவுகளில் தங்கும் விடுதிகளை மூடிவிடுவார்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் அந்த மாதங்களில்தான். ஆக மேற்கே இருக்கும் மூன்று தீவையும் அடித்துவிடு.

மிச்சம் இரண்டு. அதிலும் ஒன்று போதும் என்பேன். ரெடாங் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அங்கே சாகார் ஹுதாங் என்றொரு கடற்கரை இருக்கிறது. திரெங்கானு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1993இலிருந்து ஆமைக் கூடுகளைக் காத்து வருகிறார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. தொண்டர்களாகப் பதிந்து, தங்கி வேலை செய்கிறவர்கள்தான் போக முடியும். உன் சின்னவன் கல்லூரி போகிற வயதில் அவனே போகட்டும். இப்போதைக்கு பெர்ஹெந்தியானின் இரண்டு தீவில் பெரியதான பெசார், நான்கு இரவு, ஒரே அறை. சின்னதான கெச்சில் தீவு இளவட்டங்களுக்கு; ராத்திரி பாட்டுச் சத்தம் ஓயாது. பெசாரில் சத்தம் குறைவு, கரையும் மெதுவாகச் சரியும், அம்மாவுக்குத் தோதுப்படும். பெர்ஹெந்தியான் என்றாலே நின்று இளைப்பாறும் இடம் என்றுதான் அர்த்தம். பழைய காலத்து வியாபாரக் கப்பல்கள் அப்படி நின்று போன இடம் என்பார்கள். அங்கே போய் ஓடிக்கொண்டிருப்பானேன்?

போகும் வழி: விடியற்காலை ஐந்து மணிக்குக் காடியை எடுத்தால் கிரிக், ஜெலி வழியாகப் படகுத்துறை இருக்கும் குவாலா பெசுட் போய்ச் சேர ஆறு மணி நேரமாவது ஆகும். மலைப்பாதையில் யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருப்பார்கள். அது சும்மா அலங்காரத்துக்கு வைத்ததில்லை, ஆகவே அந்தப் பாதையில் இருட்டில் ஓட்டுவது கூடாது என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவை. திரெங்கானு மாநிலத்தில் வெள்ளி, சனி விடுமுறை. உள்ளூர்க் கூட்டம் வியாழன் ராத்திரியே கிளம்பிவிடும். நாம் ஞாயிறு போய் வியாழன் திரும்பினால் படகிலும் இடம் கிடைக்கும், தண்ணீரிலும் இடம் கிடைக்கும். விரைவுப்படகு அரைமணி, முக்கால் மணிதான். ஆனால் முன்பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் இடுப்பெலும்பு குலுங்கும். அம்மாவைப் பின்பக்கம் உட்கார வை. கையில் காசும் கொண்டுவா, அங்கே போய் ஏடிஎம் தேடக் கூடாது.

மீன், ஆமை விஷயத்துக்கு வருகிறேன். உன் அட்டவணையில் 'ஆமை: 10.00 முதல் 10.45' என்று போட்டிருக்கிறாய். அம்மா சிரித்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

மூன்று வருடத்துக்கு முன் நம் தெரு ஆட்களோடு ஒரு தீவுக்குப் போனோமே, அதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. படகுக்காரர் நல்ல மனிதர், இனிப்பாகப் பேசினார். ஒரு பேராமை கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவர் குதித்து அடியில் போய் அதை மேலே விரட்டினார். சுற்றிலும் எட்டுப் படகு, ஐம்பது அறுபது ஆரஞ்சு ஜாக்கெட். ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், வந்த இடமெல்லாம் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. தலையை வெளியே நீட்டி 'ஃபூ' என்று ஒரு மூச்சு. உடனே பயந்து கீழே போய்விட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

அதனால் ஆமையைத் துரத்தும் படகில் ஏற வேண்டாம். காலை ஏழரைக்கு, கூட்டம் வருமுன், கரையிலிருந்தே நீந்திப் போகலாம். கையை மடக்கிக்கொண்டு மிதந்தால் போதும், அது பாட்டுக்கு மேயும், மூச்சு விட வரும், போகும். கன்னத்துச் செதில்களின் அமைப்பு ஒவ்வொரு ஆமைக்கும் வேறு வேறு, நம் கைரேகை மாதிரி. அதைப் படம் பிடித்துத்தான் ஆய்வாளர்கள் எது எந்த ஆமை என்று கண்டுபிடிக்கிறார்கள். சின்னவனிடம் கேமராவைக் கொடு. முகத்தின் இரண்டு பக்கமும் எடுக்கட்டும், தூர நின்று.

சுறாவுக்கு நீ பயப்படாதே. முதுகுத் துடுப்பு நுனியில் மை தொட்டு வைத்த மாதிரி கறுப்பு இருக்கும், நம்மைக் கண்டால் அதுதான் முதலில் ஓடும். நான் பயப்படுவது கிளாத்தி மீனுக்கு. அதிலும் பெரிய கிளாத்தி, முட்டையைக் காக்கும் நேரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு வரும், கடிக்கவும் கடிக்கும். தன் கூட்டிலிருந்து மேலே போகப் போக அகலமாக விரியும் கூம்பு மாதிரி அதன் ராஜ்ஜியம். பயந்து நேரே மேலே போனால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்போம், பக்கவாட்டில் விலகி நீந்த வேண்டும். இதை மட்டும் மாப்பிள்ளையும் நீயும் மனப்பாடம் செய்யுங்கள். ரொட்டி போட்டு மீனைக் கூப்பிடுவதும் வேண்டாம். வெயில் கிரீம் பூசித் தண்ணீரில் இறங்குவதற்குப் பதில் எல்லாருக்கும் முழுக்கைச் சட்டை வாங்கிவிடு, பவளத்துக்கும் நல்லது, காசும் மிச்சம்.

இவ்வளவு சட்டம் பேசுகிறாரே, இவர் யோக்கியமா என்று நினைப்பாய். சொல்லிவிடுகிறேன்.

1983இல் நாங்கள் ஐந்து பேர் ஒரு டட்சன் காடியில் ராந்தாவ் அபாங் போனோம். கிரிக் பக்கத்து மலைப்பாதை திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடற்கரைக்கு உலகமெங்கும் பேர். ஏழுவரி ஆமை அங்கேதான் கரையேறும். ஓடு கிடையாது, முதுகு முழுக்கக் கறுப்புத் தோல், அதில் நீளவாட்டில் வரிவரியாய் மேடு. ஆள் நீளம். நடுராத்திரி அது குழி தோண்டிக்கொண்டிருந்தது, சுற்றிலும் நூறு பேர், டார்ச் வெளிச்சம், ஆரவாரம். கண்ணிலிருந்து கொழகொழவென்று நீர் வழிந்தது. உடம்பிலுள்ள உப்பை அப்படி வெளியேற்றுகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எல்லாரும் "அழுகிறது, அழுகிறது" என்றார்கள். அழுகிறது என்று சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொருவராக அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் நான்.

மறுநாள் சந்தையில் முட்டை வாங்கினோம். பிங்பாங் பந்து மாதிரி, அழுத்தினால் குழி விழும். எவ்வளவு வேகவைத்தாலும் வெள்ளைக்கரு கெட்டியாகாது. ஓட்டைக் கிள்ளி, உப்புத் தூவி உறிஞ்ச வேண்டும். ருசி ஒன்றும் பிரமாதமில்லை.

1950களில் அந்தக் கரையில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள்வரை இருந்ததாகச் சொல்கிறார்கள். 2000க்குப் பிறகு விரல் விட்டு எண்ணும் அளவுதான், சில வருடம் ஒன்றுமே இல்லை. வலையில் சிக்கிச் செத்தவை எத்தனையோ. பல பத்தாண்டுகளாக முட்டையையும் ஒன்று விடாமல் தோண்டிச் சாப்பிட்டால் என்னவாகும்? 2022இல்தான் திரெங்கானுவில் எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் தடை வந்தது.

சின்ன வயதில் பழைய படப்பெட்டியைக் கிண்டும்போது, "இது என்னப்பா, கல் மேலே உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். கல் இல்லை பாப்பா. அதற்கப்புறம் அந்தப் படத்தை மைலோ டின்னில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டேன். இப்போது இறக்கி வைத்திருக்கிறேன். சின்னவனிடம் காட்டலாமா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆமை என்றால் உயிர், தாத்தா என்றாலும் உயிர்.

பயணத்துக்கு முந்தின நாள் அவனை தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். கெராச்சுட் கரையில் ஆமைக் காப்பகம் இருக்கிறது. காட்டுவழியாக நடந்தால் ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது படகு. அங்கே ஒரு ஏரி, மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் கிடக்கும். அப்போது அதில் தண்ணீர் இருந்தால் அதையும் காட்டலாம்.

விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டும். தேதி உறுதியானதும் உடனே சொல்லு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். அந்த மூச்சுக்குழாயைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டுமாமே, செட் பல் தாங்குமா என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்லு.