கிளுவை வேலிக்கும் விலை எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலியை உடைத்தவருக்கு என்ன தண்டனை என்பதைச் சேதத்தின் மதிப்புதான் தீர்மானிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆவது பிரிவில் பொதுவாக ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் இரண்டு ஆண்டு, ஒரு லட்சத்தை எட்டினால் ஐந்து ஆண்டு வரை. லட்சத்துக்குக் கீழே என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது.

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களுக்கு, இங்கேதான் சிக்கல். கம்பிவேலிக்குக் கடை பில் இருக்கும். கிளுவை என்ற முள்மரத்தை நட்டு வளர்த்த வேலிக்கு ஏது? வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையை அகலப்படுத்துகிறேன் என்று ஜேசிபி ஒரு தள்ளு தள்ளினால் உயிர்வேலி வேரோடு போகிறது. மறுபடி போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டு, ஆடு நுழையாத அளவுக்கு அது அடர ஆண்டுக்கணக்காகும். அதுவரை அந்தச் சந்து வழியே ஆடு வெளியேறும், வெறிநாய் உள்ளே வரும். புகாரில் 'வேலி சேதம்' என்று ஒற்றை வரி எழுதினால் இவை எதுவும் கணக்கில் ஏறாது. அதனால் விவசாயிகளே, சரிசெய்யும் முன்பே படமெடுத்து, பெயர்ந்த நீளத்தை மீட்டரில் அளந்து, போத்து, நடவுக்கூலி, தற்காலிகக் கல்தூண், கம்பி என்று தனித்தனியாக எழுதித் தாருங்கள். நில அளவை வரைபட நகலும் வேண்டும். இல்லையேல் எல்லைத் தகராறு என்று போலீஸார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பியையும் தூக்கிப் போயிருந்தால் அது திருட்டு, 303ஆவது பிரிவு.

உயிர்வேலிக்குத் தோட்டக்கலை அலுவலரே மதிப்புச் சான்று தர மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

கொரங்காட்டு விவசாயி,
காங்கேயம்