கணபதிப் பட்டறை அண்ணனுக்கு, ரொட்ரிகஸ் தீவின் போர்ட் மாத்துரினிலிருந்து

அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும் வணக்கமுங்க.

எஞ்சின் ஓடுகிறது. புகைக்குழாயில் கடல்தண்ணீர் குபுக் குபுக்கென்று சரியாக வந்து விழுகிறது. எங்கள் பாய்மரப் படகின் எஞ்சின் சூடேறியது உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி விரிவாக எழுதப்போவதில்லை.

இங்கே ராத்திரி பத்தரை என்றால் கோயமுத்தூரில் பன்னிரண்டு. அந்நேரத்திலும் போனை எடுத்து, எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீரை இழுக்கிற பம்பில் புது ரப்பர் இம்பெல்லர் (சுழலும் ரெக்கைச் சக்கரம்) மாட்டியும் சூடு இறங்கவில்லை என்றதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏனுங்க, பழசுல ரெக்கை ஆறும் கணக்குக்கு வந்துச்சுங்களா?"

வரவில்லை. நாலுதான் இருந்தது.

போர்வெல் மோட்டாரும் ஜெட் பம்பும் பார்க்கிற கை அது. பாய்மரப் படகின் எஞ்சினைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தண்ணீர் போகிற வழியில்தானே உடைந்த ரெக்கைத் துண்டும் போகும்? பம்பைத் தாண்டினால் முதல் வளைவு, அதற்கப்புறம் எஞ்சின் சூட்டைக் கடல்தண்ணீருக்கு மாற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் இருக்கும் மெல்லிய குழல்களின் வாய். அங்கே அடைத்துக்கொண்டால் எத்தனை இம்பெல்லர் மாற்றினாலும் சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கும். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துண்டு இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும், குழலும் ஓட்டையாகும் என்று சொல்லி, ஹோஸைக் கழற்றி எதிர்ப்பக்கமிருந்து தண்ணீர் அடிக்கச் சொன்னார். வளைவில் ஒன்று, குழல் வாயில் ஒன்று. இரண்டும் கட்டைவிரல் நகம் அகலம்தான்.

அதோடு விடவில்லை. பம்பின் மூடித்தகட்டில் வட்டவட்டமாகக் கோடு விழுந்திருந்தால் திருப்பிப் போடுங்கள், பின்பக்கம் வழுவழுப்பாக இருக்கும் என்றார். மூடித்தகட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் கால் மில்லிமீட்டர் காகிதம் போதும். தடிமனாக வைத்தால் ரெக்கைக்கும் தகட்டுக்கும் நடுவே சந்து விழுந்து பம்பு தண்ணீரை இழுக்காது. ரப்பருக்குக் கிரீஸ் ஆகாது, உப்பிவிடும். கிளிசரினோ பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரோ தடவினால் போதும். பம்பின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையில் தண்ணீர் சொட்டினால் உள் சீல் போய்விட்டது, அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போய்விடும். கடைசியாக, இம்பெல்லர் எதனால் காய்ந்து ஓடியது என்று பாருங்கள் என்றார். கடல்தண்ணீரை வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னர் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தட்டையாகிப் போயிருந்தது. தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது. அதை மாற்றாமல் விட்டிருந்தால் புதுசும் கிழிந்திருக்கும்.

போர்ட் மாத்துரின் தெரிந்தவர்களுக்கு ராத்திரியில் போன் போட்ட அவசரம் புரியும். பவளப்பாறைக்கு நடுவே வெட்டிய வழி, அதன் முடிவில் சின்னத் துறைமுகம். மொரீஷியஸிலிருந்து சரக்குக் கப்பல் வரும் நாளில் அது திரும்ப இடம் வேண்டும், படகுகளெல்லாம் வெளியே போய் நங்கூரம் போட்டுக்கொள்ள வேண்டும். பாயை விரித்து வெளியேறுகிற இடமில்லை அது.

கயிறு போட்டு இழுத்துவிட வந்த துறைமுக ஆட்கள், தன் கையிருப்பு இம்பெல்லரைக் கழுவித் துடைத்துக் கொடுத்த பக்கத்துப் படகுக்காரர், பிரெஞ்சில் இருந்ததைத் தமிழில் சொல்லிப் புரியவைத்த ஈரோட்டுத் தங்கச்சி, மொரீஷியஸ் விமானத்தில் ஓ-ரிங் கொடுத்தனுப்பியவர்கள், பொள்ளாச்சியிலிருந்து விடாமல் போன் போட்டு விசாரித்த சித்தப்பா, எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி. தனித்தனியாக எழுதினால் மடல் முடியாது.

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "பேசுனதுக்குப் போயி காசுங்களா" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார். காசு வாங்க மாட்டார், சரி. நவம்பரில் புயல் பருவம் தொடங்கும் முன் மொரீஷியஸ் போய்ச் சேர வேண்டும், சுமார் 560 கிலோமீட்டர், தென்கிழக்குக் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். அங்கே வாங்குகிற இம்பெல்லர், கேஸ்கட், ஓ-ரிங்கில் ஒரு செட் கூடுதலாக எடுத்து, போர்ட் மாத்துரின் போகிற அடுத்த படகில் கொடுத்தனுப்புகிறோம். யாருக்கு வேண்டுமோ மாட்டிக்கொள்ளட்டும். பெட்டி மூடியின் உள்பக்கம் தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரே வரி எழுதி ஒட்டுகிறோம்: பழைய ரெக்கைகளை எண்ணுங்கள்.