நீலப் பெட்டிக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்கள்

வெளிநாட்டுத் தொடர்களில் எதைத் தமிழில் பேச வைப்பது என்று முடிவு செய்யும் டிவி, ஓடிடி நிறுவனங்களின் தமிழ்ப் பிரிவினருக்கு,

வணக்கம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரி. சென்னையில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறேன். உங்கள் தொழிலின் கணக்கு வழக்கு எனக்குத் தெரியாது. ஆனால் சில வருடங்களாக உங்கள் வேலையைச் சம்பளமில்லாமல் நான்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விஷயம் 'டாக்டர் ஹூ'. பிபிசியின் தொடர். 1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட மறுநாள், முதல் பாகம் வந்தது. (அந்தக் களேபரத்தில் நிறைய பேர் பார்க்காமல் விட்டதால், அடுத்த வாரம் அதையே இன்னொரு தரம் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதற்குப் போனார்கள்.) அதை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். 1989இல் தொடர் நின்றது, 2005இல் திரும்ப எழுந்தது. டாக்டர் என்று ஒருவர். காலம், தூரம் எதுவும் அவருக்குத் தடையில்லை. அவர் வண்டி ஒரு நீல நிறப் போலீஸ் பெட்டி. அந்தக் காலத்தில் லண்டன் தெருக்களில் போலீசுக்குப் போன் பேச வைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நம் எஸ்டிடி பூத் அளவு, உள்ளே போனால் கல்யாண மண்டபம். உயிர் போகிற கட்டம் வந்தால் அவர் வேறு முகம், வேறு உடம்போடு எழுந்துவிடுவார். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியாமல் போனபோது, 1966இல், ஆளை மாற்றுவதற்காகச் செய்த சமாளிப்பு அது. அந்த ஒரு சமாளிப்பில்தான் வண்டி இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு வித்தையும் உண்டு. அதில் ஏறியவர் காதில் எந்தக் கிரகத்து மொழியும் தாய்மொழியாகவே விழும். எங்கள் அம்மா காதில் மட்டும் இங்கிலீஷாகவே விழுகிறது.

நான் இதில் விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் தெருவில் ஒரு கம்பம் பாக்கியில்லை. வீட்டில் கரண்ட் வர நாளாகும் என்று தெரிந்ததும், புதுச்சேரியில் காலேஜ் திறந்த அன்றே போனைச் சார்ஜ் போட ஹாஸ்டலுக்கு ஓடினேன். ஜெனரேட்டர் ஓடும் மூன்று மணி நேரத்தில் அறைத்தோழி தன் லேப்டாப்பில் 'பிளிங்க்' என்ற பாகத்தைப் போட்டாள். நாம் கண் சிமிட்டும் நேரத்தில் மட்டும் நகர்ந்து வரும் கற்சிலைகள். டாக்டர் அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலைகாட்டுவார். அந்த வார இறுதியில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனபோது துவாரபாலகர்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே நடந்து படி தடுக்கி விழுந்தேன். அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் போயிற்று. நான்கு சீசன் முடிந்தது. நான்காவது டாக்டர் டாம் பேக்கர் போடுவது மாதிரி முழங்காலுக்குக் கீழே தொங்கும் மப்ளர் ஒன்று பின்னிக் கொடு என்று கடலூர் வெயிலில் கேட்டதற்கு அம்மா பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அம்மா இதற்குள் வந்தது 2020இல், ஊரடங்கில். நான் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் எட்டாவது வரை படித்தவர். வார இதழை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பார், அதில் வரும் ஏலச்சீட்டு விளம்பரம் உட்பட. ஆனால் டிவி பார்க்கும்போது அவர் கண் முழுசாகத் திரையில் இருக்காது. மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் வேறு ஆகியிருக்கிறது. இதனால்தான் சப்டைட்டில் போதாது என்கிறேன். கீரை ஆய்கிறவருக்குக் குரல்தான் வேண்டும்.

நம்ம நாட்டுக் கதையில் ஆரம்பித்தால் ஒட்டிக்கொள்வார் என்று 2018இல் வந்த 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' பாகத்தை முதலில் போட்டேன். 1947 ஆகஸ்ட், பிரிவினை. எல்லைக் கோடு அறிவிக்கப்படும் நாளில் ஓர் இந்துப் பையனுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் கல்யாணம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னேன். பாதியில் அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டார். சொந்தத் தம்பியே எதிரே நிற்கும் இடத்தில் மூக்கை உறிஞ்சினார். முடிந்ததும், "கல்யாண வீட்டுல ஒரு பந்திகூட காட்டலையே" என்றார். அப்புறம், "அடுத்தது போடு."

அடுத்ததாக 2005இலிருந்து வரிசையாகத் தொடங்கினோம். அதில் ஒரு சிக்கல். அம்மா முதலில் பார்த்தது ஜோடி விட்டேக்கர், பெண் டாக்டர். 2005இல் வருகிறவர் தோல் ஜாக்கெட் போட்ட கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன். "அந்தப் பொண்ணு எங்க?" என்றார். இவர்தான் பின்னால் அந்தப் பொண்ணாக ஆகப்போகிறார் என்றேன். "சரி" என்று கீரையை எடுத்துக்கொண்டார். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறிய ஊர் எங்களுடையது. இதெல்லாம் அவருக்கு ஒரு சங்கதியா?

இங்கே உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம். டாக்டர் பெண்ணாக மாறியதும் இங்கிலீஷில் அதுவரை சொன்ன சொல்லை விட்டு வேறு சொல்லுக்குப் போக வேண்டியிருந்தது. தமிழில் 'அவர்' என்று ஒரு சொல் இருக்கிறது, ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். பேச்சில் 'வந்தாரு', 'வந்தாங்க' என்று பிரியும், அது உண்மை. ஆனால் தள்ளி நின்று டாக்டரைப் பற்றிப் பேசும் இடங்களில் 'அவர்' என்றே ஓட்டிவிடலாம். இந்தத் தொடருக்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது.

பெயரை மட்டும் தொடாதீர்கள். மருத்துவர், வைத்தியர், முனைவர் எல்லாம் வேண்டாம், டாக்டர் டாக்டராகவே இருக்கட்டும். அவர் தன்னை "டாக்டர்" என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் "டாக்டர் ஹூ?" என்று கேட்பதுதான் தொடரின் நெடுநாள் நகைச்சுவை. நம் வீடுகளில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் கேள்வி என்ன? "எந்த டாக்டர்?" அதைப் போட்டால் போதும். அம்மாவும் முதல் நாள் அதைத்தான் கேட்டார், எந்த ஆஸ்பத்திரி என்று கூடவே.

டாக்டரின் பழைய எதிரிகள், டேலக்குகள் இருக்கின்றன. அம்மா பாஷையில், சக்கரம் வைத்த இட்லிப் பானைகள். அவை கத்தும் "எக்ஸ்டெர்மினேட்" என்ற சொல்லுக்கு நான் நிறைய தேடினேன். 'ஒழித்துக்கட்டு' இழுக்கிறது, 'கொல்' பத்தவில்லை. கடைசியில் 'அழித்திடு' பிடித்தது. துண்டு துண்டாகக் கத்திப் பாருங்கள், நான்கு வெட்டு சரியாக விழும். இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளிநாட்டுப் படம் என்றாலே வில்லனுக்கு வலிந்து மெட்ராஸ் பாஷையும், நடு நடுவே சினிமா பஞ்ச் வசனமும் சொருகுகிறீர்களே, அந்த வேலையை இதில் காட்டாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போது நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

நான்காவது சீசனில் இரண்டாவது பாகம் பாம்பேயி என்ற பழைய ரோமானிய நகரத்துக் கதை, 2008இல் வந்தது. டேவிட் டென்னன்ட்டின் டாக்டரும், அவரோடு பயணம் செய்யும், கேத்தரின் டேட் நடித்த டானாவும் எரிமலை வெடிப்பதற்கு முந்தின நாள் அங்கே போய் இறங்குகிறார்கள். ஆரம்பத்தில் ஒரே சிரிப்புதான். பெட்டி நம் பேச்சை லத்தீனாக்கித் தருகிறது, நாமே லத்தீன் பேசினால் என்ன ஆகும் என்று டானா ஒரு கடைக்காரரிடம் பேசிப் பார்க்க, அவர் வெளியூர்ப் பாஷை தெரியாது என்று கையை விரிப்பார். (இதில் பீட்டர் கபால்டி ஒரு குடும்பத் தலைவராக வருகிறார். பிற்பாடு அவரே டாக்டர் ஆனார்.) அப்புறம் மலை வெடிக்கிறது. ஜனங்கள் கடற்கரையைப் பார்த்து ஓடுகிறார்கள். டானா தெரு நடுவில் நின்று, கடற்கரைக்குப் போகாதீங்க, மேட்டுக்குப் போங்க என்று கத்துகிறாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அதைச் சொல்லும்போதே எனக்குக் குரல் தேய்ந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கும் மேல் போனார்கள். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு. எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்தது, எங்களுக்கு ஒன்றுமில்லை. எங்கள் தெருவுக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா மீன் கொண்டு வருவார். அலுமினியக் கூடை, சும்மாட்டுக்கு ஒரு நீலத் துண்டு. சங்கரா என்றால் வாசலில் நின்று ஒரு குரல், நெத்திலி என்றால் வேறு குரல். அதன் பிறகு அவர் வரவில்லை. அம்மா பல நாள் பாத்திரத்தைக் கழுவி வாசல் திண்ணையிலேயே வைத்திருந்தார். விசாரிக்கலாம் என்றால் பேர் தெரியாது. பத்து வருடம் மீன் வாங்கியும் 'மீன்காரம்மா' என்றே கூப்பிட்டிருக்கிறோம்.

கதையில் டாக்டர், நடந்தது நடந்ததுதான், இதை மாற்ற முடியாது என்று பெட்டியைக் கிளப்பிவிடுகிறார். டானா அழுகிறாள். ஊரையே காப்பாற்ற வேண்டாம், யாராவது ஒருத்தரையாவது என்று கெஞ்சுகிறாள். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா திரையைப் பார்த்தே சொன்னார்: "அந்த மீன்காரம்மாவ மட்டுமாவது ஏத்திக்கச் சொல்லுடி."

டாக்டர் திரும்பி வந்து ஒரு குடும்பத்துக்குக் கை நீட்டுகிறார். நாங்கள் அன்று அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அதற்கடுத்த மாதம் அலுவலகம் சென்னைக்கு வரச் சொல்லிவிட்டது. டிவிடி பெட்டியை அம்மாவிடம் வைத்துவிட்டு வந்தேன். அவருக்குப் போடத் தெரியும், பார்க்கத் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தவரை தேடினேன், தமிழ் ஒலியோடு இது எங்கேயும் என் கண்ணில் படவில்லை. அதனால் ஒரு வழி செய்தேன். இங்கே அறையில் லேப்டாப்பில் பாகத்தை ஓடவிட்டு, எல்லா வசனத்தையும் தமிழில் நானே பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தொடக்கத்தில், "டைட்டில் பாட்டு வரும், அப்ப இதை அமுக்கு" என்று சொல்லிவிடுவேன். ஞாயிறு மத்தியானம் அம்மா போனை டிவி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போவார். டிவியை நிறுத்துவார், போனை நிறுத்த மறந்துவிடுவார். திரும்பி வரும்போது டாக்டர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருப்பார், என் குரல் "ஓடு! ஓடு!" என்று அலறிக்கொண்டிருக்கும்.

ஒரு பாகத்துக்கு எனக்கு மூன்று நான்கு ராத்திரி ஆகிறது. மார்ச் மாதம் ஆடிட் வந்தால் அதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் ஏழு பாகம் முடித்திருக்கிறேன்.

இதைக் கேலியாக நினைக்காதீர்கள். அறுபதுகளில் வந்த 253 பாகங்களில் தொண்ணூறுக்கும் மேல் இன்று படமாக இல்லை. டேப் விலை அதிகம், மறுபடி ஒளிபரப்பப் போவதில்லை என்று அழித்துவிட்டார்கள், வெளிநாட்டுக்கு விற்ற பிலிம் பிரதிகளும் குப்பைக்குப் போயின. 2013இல்கூட நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் ஒரு டிவி நிலையத்திலிருந்து ஒன்பது பாகங்கள் கிடைத்த செய்தி வந்தது. ஆனால் தொலைந்த அத்தனை பாகத்துக்கும் ஒலி இருக்கிறது. எப்படி? அந்தக் காலத்து ரசிகர்கள், சிறு பையன்கள், டிவி எதிரே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பின்னணியில் வீட்டுச் சத்தம் வராமல் அம்மாக்களை வாயை மூடச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் என் அம்மாவுக்காக அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிதல்ல. டோரா தமிழ் பேசினாள். இப்போது கொரியாக்காரர்கள் எல்லாரும் பேசுகிறார்கள், எங்கள் தெருவில் நாலு வீட்டில் அதுதான் ஓடுகிறது. அறுபது வருடத்தையும் கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை. 2005இலிருந்து முதல் நான்கு சீசன் போதும், அப்புறம் பஞ்சாப் கதை. உரிமை யாரிடம் இருக்கிறது, எவ்வளவு கேட்பார்கள் என்பது உங்கள் பாடு. என் ஏழு பதிவுகளும் எழுதி வைத்த நோட்டும் வேண்டுமானால் தருகிறேன், இருமல் வரும் இடங்களை வெட்டிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்தால் நல்லது. அடுத்து அம்மா பார்க்க வேண்டியது 'மிட்நைட்'. பயணிகள் வண்டி ஒன்று ஆளில்லாத கிரகத்தில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் ஒரு பெண்ணுக்குள் ஏதோ புகுந்துகொள்கிறது. முதலில் மற்றவர்கள் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்வாள். அப்புறம் அவர்கள் சொல்லும் அதே நொடியில் சேர்ந்து சொல்வாள். அப்புறம் டாக்டர் சொல்வதை அவருக்கு முன்னாலேயே. போன வாரம் மூன்று ராத்திரி முயன்று பார்த்துவிட்டேன், தனி ஆளாக நடக்கிற காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இன்னும் அனுப்பலையா?" என்று கேட்டார். ரெண்டு பேர் குரல் வேண்டியிருக்கும்மா என்றேன்.

"நான் ஒருத்தி சும்மாதானே இருக்கேன்" என்றார்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு ரசிகை, அவர் அம்மாவுக்காகவும்