பங்களிப்பு வழிகாட்டியைத் திருத்த வேண்டும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் கூடினபோது, கோபியிலிருந்து பஸ் ஏறி வந்த இரண்டு மாணவர்கள், நம் மென்பொருளுக்குப் பங்களிப்பது எப்படி என்று சொல்லும் வழிகாட்டியை வரிவரியாகப் பார்த்துச் செய்தார்கள். நிரலை இறக்கி, ஒரு பிழையையும் திருத்திவிட்டார்கள். அனுப்பும்போதுதான் சிக்கல். நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொல்லியிருந்தது நம் வழிகாட்டி. நிரலை அனுப்ப 2021 ஆகஸ்ட் 13 முதலே அது செல்லாது. அதற்குப் பதில் டோக்கனோ (தளம் உருவாக்கித் தரும் நீண்ட ரகசியக் குறியீடு) எஸ்எஸ்எச் சாவியோ (நம் கணினியில் உருவாக்கும் அடையாளக் கோப்பு) வேண்டும். தாங்கள்தான் ஏதோ தப்பாகத் தட்டுகிறோம் என்று நினைத்து, முக்கால் மணி நேரம் திரும்பத் திரும்ப அதையே தட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே சங்கடமாக இருந்ததுங்க.

அந்த வரியை அன்றைக்கே மாற்றிவிட்டேன். நிரலின் முதன்மைப் பிரதியான கிளைக்கு 'மாஸ்டர்' என்ற பழைய பெயரே வழிகாட்டியில் இன்னும் நான்கு இடத்தில் இருக்கிறது. நாம் 'மெயின்' ஆக்கி வெகுநாள் ஆயிற்று.

இனி நிறுவும் முறையை மாற்றுகிறவர்கள், அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) வழிகாட்டியையும் திருத்திவிடுங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" வேண்டாம். புதிதாக வந்தவர்கள் எங்கே தடுமாறினீர்கள் என்று சூட்டோடு சூடாக இங்கே சொல்லுங்கள். பழகிப்போன எங்கள் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

உபுண்டுவில் முதல் வரியிலிருந்து ஒருமுறை செய்து பார்க்க ஒருவர் வேண்டும். விண்டோஸை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைக்குள் முடிந்தால் நல்லதுங்க.